ஷ்துகா என்று ஒரு சொல்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியை ஸுஹூரா அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முத்துப்போல் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே! கைக்குழந்தையோடு காற்றாடிக்குக் கீழே இடம் பிடித்திருக்கும் தாய்மார்களே! ஆற்றுக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்துவிட்டு வந்திருக்கும் மீனவத் தோழர்களே! ஊசி பிடிக்கும் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்ட சொல்மன்றத்தாரே! உங்கள் அனைவருக்கும் தையற்காரன் ஹம்ஸாவின் அன்பு சலாம்!

இந்த ஆண்டு எனக்கு நீங்கள் தந்த சொல் 'ஷ்துகா'. நெஞ்சு ஒரு கணம் நின்று, நிலை குலைந்து, உடல் தூக்கிவாரிப் போடுகிறதே, அப்படித் திடுக்கிடுவதற்கு நம் சுவாகிலி தந்த சொல். ஆனால் அதே சொல்லை ஒருவனைப் பார்த்து ஏவலாகச் சொன்னால் பொருள் என்ன? "விழித்துக்கொள்!" அஞ்சுவதற்கும் விழிப்பதற்கும் ஒரே சொல்லை வைத்தார்களே நம் முன்னோர், சொல் பஞ்சத்தாலா வைத்தார்கள்? இல்லை ஐயா, இல்லை!

இந்தச் சொல்லுக்கு நம் ஊரில் ஓர் உருவம் உண்டு. யார்? ஆம், சரியாகச் சொன்னீர்கள், மந்தாசிப் பணியாரம் சுடும் மவாஜுமா அக்கா! அக்கா, முகத்தை மூடிக்கொள்ள வேண்டாம், எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

பூனை தும்மினால் துள்ளுவார். தேங்காய் விழுந்தால் தெருவைத் தாண்டுவார். சிரிக்காதவர் நம்மில் யார்? எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் படகோட்டி ஃபாக்கி.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. ஃபாக்கியின் படகு நிறைய ஆட்கள். அக்கா அக்கரைச் சந்தைக்குப் பிசைந்த மாவுப் பானையோடு உட்கார்ந்திருக்கிறார். எதிரே நான். நடு ஆற்றில் அக்கா "ஐயோ!" என்று எழுந்து நின்றார்.

"ஆரம்பிச்சிட்டாங்கப்பா!" என்று படகே சிரித்தது.

"உட்காருக்கா, மீன் துள்ளியிருக்கும்," என்றார் ஃபாக்கி.

"மீனாவது மண்ணாவது! கால்ல சில்லுனு ஏறுதுடா. பலகையத் தூக்கிப் பாரு!"

"உனக்கு எப்பவும் இதே வேலைதான்."

அக்கா தாமே குனிந்து பலகையைப் பெயர்த்தார். கீழே பிளவு, பிளவில் பீறிட்டது தண்ணீர்! சிரிப்பு செத்தது. நடுங்கிய கைகளால் அக்கா தம் மேல்துணியைத் திணித்தார். அதன்மேல் மாவை அள்ளி அள்ளி அப்பினார். "மணல்திட்டுக்குத் திருப்புடா, ஃபாக்கி!" திருப்பினார். இடுப்பளவு நீரில் பிள்ளைகளைத் தோளில் ஏற்றி இறங்கினோம். எங்கள் கண்ணெதிரே படகு அமிழ்ந்தது. ஓர் உயிரும் போகவில்லை.

கை தட்டுங்கள், ஆனால் கதை முடியவில்லை!

ஊர் கூடிப் புதுப் படகு வாங்கியது. ஓட்ட ஃபாக்கி வரவில்லை. கரையில் அமர்ந்து, கிழியாத வலையையே தைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பள்ளி போக முடியாமல், பிள்ளைத்தாய்ச்சிகள் மருத்துவமனை போக முடியாமல் ஊர் தவித்தது. கெஞ்சினோம்; அசையவில்லை. ஒருநாள் அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்னடா, வலைக்கும் உனக்கும் கல்யாணமா?"

"கை நடுங்குதுக்கா. உன்னைப் பாத்துச் சிரிச்சேன்ல, இப்ப நானே அப்படி ஆயிட்டேன். பயம் போனதும் வரேன்."

"எனக்கு நாப்பது வருஷமாப் போகல, உனக்கு மட்டும் எப்படிடா போகும்? எழுந்திரு. நீ பயந்துக்கிட்டே ஓட்டு, நான் பயந்துக்கிட்டே உட்காந்திருக்கேன்."

ஃபாக்கி எழுந்தார். படகு கிளம்பியது. நடு ஆற்றில் ஓர் அலை பக்கவாட்டில் அறைந்தது. இருவரும் ஒரே நேரத்தில் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பு இந்தக் கரைக்குக் கேட்டது!

அன்பர்களே! அஞ்சாதவன் வீரன் என்று யார் சொன்னது? அச்சம் வந்ததும் ஓடுகிறவர் உண்டு. அச்சம் வந்ததும் உறைகிறவர் உண்டு. அச்சம் வந்ததும் அடுத்தவருக்காகக் குனிந்து பலகையைத் தூக்குகிறாரே, அவருக்காக அல்லவா இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் வைத்தார்கள்!

இன்று இந்த அவைக்கு அக்கரையிலிருந்து வந்தவர்களை ஏற்றி வந்தது ஃபாக்கி. திரும்பிப் போகையில் அவர் கையைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் நடுங்கும். நம்பி ஏறுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், வெட்கத்தோடு கேட்ட அக்காவுக்கும் நன்றி. சலாம், சொந்தங்களே, சலாம்!