ரீஸ்டார்ட் ஆகும் வரை

"தம்பி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டியா?"

அண்ணி ஜெயசீலி கட்டிலில் மண்டியிட்டு, அண்ணன் ஜெபசீலனின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள். நான் அதே அறையில் கம்ப்யூட்டரின் முன்னால் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"சொல்லிட்டேன் அண்ணி. வந்துட்டே இருக்கு."

நான் பொதுவாக நிதானமானவன், சார். ராஜகீழ்ப்பாக்கத்தில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் இந்த ஜாய்சனைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணனுக்கு நுரையீரல் கெட்டபோது, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கிளிப்பைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, அளவு இறங்கினால் அலறும்படி புரோகிராம் எழுதியதும் நான்தான். அதை நம்பித்தான் அண்ணி சமையலறைக்கே போவாள்.

அதே கம்ப்யூட்டரில்தான் நான் கேம் ஆடுவேன். அன்று மாலை அரையிறுதிப் போட்டி. படம் விக்கி விக்கி வந்தது. எந்த புரோகிராம் எப்போது விழிக்க வேண்டும் என்று சொல்ல, கம்ப்யூட்டருக்குள் ஒரு டைமர் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் செட்டிங்கை மாற்றினேன். ரீஸ்டார்ட் செய்தால்தான் அமலுக்கு வரும், செய்தேன். கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அலாரத்தைச் சோதிக்க நேரமில்லை.

அண்ணன் படுத்தபடியே கிண்டலடித்தான். "உன் கேம்ல செத்தவன் திரும்ப எழுந்துக்குவான்டா. நான் எழுந்துக்க மாட்டேன், பாத்துக்க."

சிரித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

காபியோடு வந்த அண்ணி போட்ட அலறலில்தான் திரும்பினேன். அண்ணனின் உதடு நீலம் பாரித்திருந்தது. திரையின் மூலையில் என் புரோகிராம் உறைந்து நின்றது, பழைய நல்ல அளவையே காட்டிக்கொண்டு.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்றார் டாக்டர். ஆம்புலன்ஸ் அங்கேதான் மாட்டியிருக்கும் என்று தெருவே கேம்ப் ரோடு சிக்னலைத் திட்டியது. நானும் திட்டினேன். அண்ணி ஆம்புலன்ஸ் டிரைவர் மேல் புகார் கொடுத்தாள். அவருக்கு வேலை போய்விடும் என்கிறார்கள். பாவம், அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவர் மேல் தப்பில்லை, சார். அண்ணி கேட்டபோது நான் போனையே தொடவில்லை. மாற்றிய செட்டிங்கைப் பழையபடி வைத்துக்கொண்டிருந்தேன். நான் செய்த அலாரம் வேலை செய்யவில்லை என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாதில்லையா? அதற்கும் ரீஸ்டார்ட் வேண்டுமே. முழுக்க ஆகும் வரை காத்திருந்தேன். அப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அலாரம் இப்போது கச்சிதமாக வேலை செய்கிறது. வேண்டுமானால் வீட்டுக்கு வந்து உங்கள் விரலை வைத்துப் பாருங்கள், சார்.