பின்வீட்டு ஜன்னல்

தங்கிவிட்டுப் போனவர்களின் குளியலறையை ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும், ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் சோப்பைத் தரையிலேயே கரையவிட்டுப் போவார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் இருக்கிற துண்டையெல்லாம் நனைத்து மலைபோல் குவித்து வைப்பார்கள். பின்வீட்டில் இருந்த அந்த வெளிநாட்டுக் குடும்பம் இரண்டு நாளும் குளித்து முடித்ததும் தரையைத் துடைத்து, வாளியைக் கவிழ்த்து, குழந்தையின் சின்னச் செருப்பைக்கூடச் சுவரோரம் சோடி சேர்த்து வைத்திருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், அவர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நான் இதை எழுத உட்கார்ந்தது ஸ்பானருக்காகத்தான். ஹீட்டர் ரிப்பேர் செய்கிற அந்த ஆளை இந்தப் பகுதியில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். நேற்று அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். அவருடைய மனைவி வந்து என் வாசலில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. செய்யாத தப்புக்கு ஒருவன் உள்ளே கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அது என் சுபாவம்.

ஸ்பானர் என்னிடம் ஒருமுறை இல்லை, மூன்று முறை சொன்னார். “அக்கா, கேஸ் ஹீட்டரைப் பாத்ரூமுக்குள்ள வெச்சிருக்கறது ஆபத்து. ஜன்னல் மூடியிருந்தா உள்ள இருக்கறவங்களுக்குத் தலை சுத்தும், வாந்தி வரும், அப்புறம் அப்படியே சாஞ்சிடுவாங்க. வாசனைகூடத் தெரியாது. வெளிச்சுவத்துல மாத்தித் தரேன், ஒரு நாள் வேலைதான்.” நான்தான் சீசன் முடியட்டும் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டேன். அதுவரைக்கும் ஜன்னலைத் திறந்தே வையுங்கள் என்றார். வைத்தேன். ஏழு வருஷம் அந்த ஜன்னல் திறந்தே இருந்தது. ஜன்னலை மூடாதீர்கள் என்று குளியலறைக் கதவில் ஒரு தாளும் ஒட்டினேன், என் கையெழுத்தில். ஆகவே அவரை விட்டுவிடுங்கள்.

என்னிடம் மூன்று வீடுகள். முன்வீடு, நடுவீடு, பின்வீடு. இந்த மலைக்கு ஓய்வெடுக்க வருகிறவர்களுக்கு வாரக் கணக்கில் விடுகிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுவதில்லை. என் நாத்தனாருக்கும் அதே வழக்கம்தான், எதிர்ச்சரிவில் இரண்டு வீடு வைத்திருக்கிறாள். ஆனால் அவள் முகத்தில் அடித்த மாதிரி கையை வீசி ‘போ போ’ என்பாள். நான் அப்படியெல்லாம் செய்ய மாட்டேன். ஃபோனில் பேச்சு ஒரு மாதிரி உடைந்து வந்தால், பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தன்மையாகச் சொல்லி வைத்துவிடுவேன். அப்படிப் பார்த்தால் என் வீடுகளுக்கு ஏழு வருஷமாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். என் வீட்டுக்காரர்கூடக் கிண்டல் பண்ணுவார், “இத்தனை பெயிண்ட்டுல சுவரே தடிச்சுப் போயிருக்கும்”.

இந்த வெளிநாட்டுக் குடும்பத்துக்காக ஃபோனில் பேசியவர், அந்தக் கணவருடன் வேலை பார்க்கிற நம் ஆள். நல்ல சுத்தமான பேச்சு. நண்பர் குடும்பம், மூன்று பேர், ஒரு வாரம் என்றார். யார், எவர் என்று நான் கேட்கவில்லை. என் தொழிலில் நான் செய்த ஒரே கவனக்குறைவு அதுதான்.

மத்தியானம் வந்து இறங்கினார்கள். அவர், மனைவி, ஐந்து வயசுப் பெண் குழந்தை. முந்தின நாளே மலைக்கு வந்துவிட்டார்களாம், ஒரு ராத்தங்கலுக்காக நாலு இடத்தில் கேட்டிருக்கிறார்கள். ஒரு இடத்தில் கதவையே திறக்கவில்லை. ஒரு இடத்தில் பெட்டியை உள்ளே வைத்த பிறகு வெளியே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பஸ் நிலையத்து பெஞ்சில் படுத்திருக்கிறார்கள். என் வாசலில் அவர் ஃபோனில் இருந்த ரசீதை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டியபடி நின்றார். விரட்டப்பட்டவர்களுக்கு ஒரு பணிவு வரும், ஐயா. அதை நீங்களும் ஸ்டேஷனில் பார்த்திருப்பீர்கள். நாம் தும்மினால் அவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள்.

திருப்பி அனுப்ப வாய் வரைக்கும் வந்தது. பேசி முடித்த இடத்தைப் பிடுங்கினால் பேர் கெட்டுப்போகும் என்று சாவியை எடுத்தேன்.

வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது என் பழக்கம். எந்த ஸ்விட்ச் எதற்கு, எந்தக் கதவு இழுத்துப் பூட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவேன். அவர்களுக்கும் காட்டினேன். குளியலறைக் கதவில் இருந்த தாளின் முன்னால் நின்று எழுதியிருந்ததை முழுசாகப் படித்தேன், நம் மொழியில், கொஞ்சம் வேகமாக. மூன்று பேரும் தலையாட்டினார்கள். குழந்தைகூட ஆட்டியது. அவர் ஃபோனைத் தாளுக்கு நேராகப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தார். நீராவி பட்டு மை கலைந்த என் கையெழுத்து அந்த ஃபோனுக்கு எங்கே புரியப் போகிறது. அது என்னவோ உளறியிருக்கிறது, அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் காட்டினார். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் நடுவீட்டிலிருந்து புகார் வந்தது. வருஷம் தவறாமல் வருகிற ஒரு அதிகாரியின் குடும்பம் அங்கே இருந்தது. பின்வீட்டுக் குளியலறை ஜன்னல் அவர்கள் சாப்பிடும் இடத்துக்கு நேர் எதிரே. அதிகாரியின் மனைவி என்னைக் கூப்பிட்டு, “அங்க யாருங்க வந்திருக்காங்க? குளிச்சிக்கிட்டே ஏதோ பாடறாங்க. புரியாத பாஷையில காதுல விழுந்துக்கிட்டே இருந்தா சாப்பாடு இறங்கல” என்றார்.

“நான் பாத்துக்கறேங்க.”

“மனசுல வெச்சுக்காதீங்க. நாங்க ஒண்ணும் வித்தியாசம் பாக்கறவங்க இல்ல.”

“தெரியுங்களே.”

பின்வீட்டுக்குப் போனேன். உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன். உதட்டில் விரலை வைத்தேன். பிறகு அதே விரலைக் கொக்கியின் முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டினேன். சைகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அந்த அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. நெஞ்சில் கையை வைத்து வைத்துக் குனிந்தாள். அவள் பாடியதுதான் குற்றம் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. திரும்பி வரும்போதே ஸ்பானர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அதை மறைத்து எழுத மாட்டேன். நாலடி நடந்ததும் ஞாபகம் வந்தது, நான் நின்றேன், பிறகு நடந்தேன்.

மறுநாள் காலையில் துணி காயப்போட வந்த அந்த அம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கணவனிடம் சொன்னாள், “குளிச்சதிலேருந்து தலை சுத்துது. பாப்பாவும் வாந்தி எடுத்தா. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துக்கட்டுமா?” அவர் சொன்னார், “வேண்டாம்மா. அந்த அம்மா மூடச் சொல்லியிருக்காங்க. இத்தனை பேர்ல நம்மளை உள்ள விட்டவங்க அவங்க ஒருத்தர்தான். அவங்க மனசு நோகக் கூடாது.”

இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் யோசிப்பீர்கள். அவர்கள் மொழி எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் அவர்கள் நாட்டில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். உடனே அங்கே ஏதோ கொடுமை நடந்திருக்கும், அதற்குத்தான் இப்போது பழி தீர்த்திருக்கிறாள் என்று எழுதிவிடாதீர்கள். அப்படி ஒன்றும் கிடையாது. அந்த வீட்டில் என்னை நன்றாகவே வைத்திருந்தார்கள். ஊருக்குக் கிளம்பும்போது குளிருக்கு ஒரு கோட்டு வாங்கித் தந்தார்கள், இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என்னிடம் மெக்கானிக்கைப் பற்றிக் கேட்டீர்கள், ஹீட்டரைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு என்ன மொழி தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. என் வீட்டுக்காரர் தலையாட்டுவார், ஆனால் செய்ய மாட்டார். வேலைக்காரி செய்வாள், ஆனால் முணுமுணுப்பாள். தலை சுற்றினாலும் மூடிய ஜன்னலைத் திறக்காத ஆட்களை நான் அதுவரை பார்த்ததில்லை. எதுவரைக்கும் கேட்பார்கள் என்று பார்க்கத் தோன்றியது. அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. அந்த அம்மாளுக்குத் தலைவலி மாத்திரை இரண்டு கொடுத்தேன். குழந்தைக்குப் பாதி போதும் என்று உடைத்துக் காட்டினேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை பத்தேகாலுக்கு அவர் என் ஆபீஸ் அறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் ஒரு தாள். கீழே கடைத்தெருவில் மருந்துக்கடைக்காரரிடம் போய்ச் சைகையாலேயே விஷயத்தைச் சொல்லி, நம் மொழியில் எழுதி வாங்கி வந்திருக்கிறார். அந்தத் தாள் என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. நீங்கள் மேல் இழுப்பறையை மட்டும்தான் பார்த்தீர்கள். ‘இவருடைய மனைவிக்கும் குழந்தைக்கும் குளிக்கும்போது தலை சுற்றி வாந்தி வருகிறது. வெந்நீர் ஹீட்டரால் இருக்கலாம். உயிருக்கு ஆபத்து. உடனே நிறுத்திப் பார்க்கவும்’ என்று எழுதியிருக்கிறது. நல்ல விவரமான மனுஷன் அந்த மருந்துக்கடைக்காரர்.

நான் படித்தேன். நிதானமாக, இரண்டு தடவை. அவர் பின்வீட்டுப் பக்கம் கையைக் காட்டித் தன் மொழியில் சொன்னார், “இப்போ ரெண்டு பேரும் உள்ளதான் குளிக்கறாங்க. நிறுத்தச் சொல்லலாமா? நீங்க வந்து பாக்கறீங்களா?” என் ஆபீஸ் அறைக்கும் அந்தக் குளியலறைக்கும் நடுவில் ஒரே சுவர். ஹீட்டர் எரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. சத்தம் போடாமல் மெல்லப் பாடிக்கொண்டிருந்ததும் கேட்டது. குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கழுவுகிற பாட்டு. நாலு வருஷம் நானும் பாடியிருக்கிறேன்.

நான் புன்னகைத்து, தாளை மடித்து வைத்துவிட்டு, நாற்காலியைக் காட்டினேன்.

வெளிநாட்டுக்காரர்கள் தங்கினால் உங்கள் ஸ்டேஷனுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும் அல்லவா, நாலு பிரதி. முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் படிவத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலில் இது, பிறகு அது என்று விரலால் காட்டினேன். அதற்குள் ஆள் அனுப்பிவிட்டேன் என்பதுபோல வாசல் பக்கம் கையை ஆட்டினேன். அவர் உட்கார்ந்தார். பேர், தகப்பனார் பேர், பாஸ்போர்ட் எண், வந்த ஊர், போகும் ஊர். இரண்டாவது பிரதியின்போது எழுந்தார். ஒரு இடத்தில் கையெழுத்து விட்டுப்போயிருந்ததைத் தொட்டுக் காட்டினேன். திரும்ப உட்கார்ந்தார். மூன்றாவதன்போது பாட்டு நின்றுவிட்டது. அவருக்கு நம் ஊர் ஹீட்டரின் சத்தம் பழக்கமில்லை, அது ஓடிக்கொண்டிருப்பது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது, நடுவில் கை வைத்து அளைகிற சத்தம் இல்லாமல்.

நாலாவது பிரதியின் கீழே நேரம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. பத்து ஐம்பது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தப் படிவம் உங்களிடம்தான் இருக்கிறது. முப்பத்தைந்து நிமிஷம். அத்தனை அவசரத்திலும் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. நன்றி என்று நம் மொழியில் சொல்லிவிட்டு ஓடினார். கதவை உடைத்த சத்தமும் அவர் கத்தியதும் கேட்ட பிறகு நானும் போனேன். ஜன்னலைத் திறந்தேன். ஹீட்டரை நிறுத்தினேன். அந்த அம்மாளை மூடுவதற்கு என் கோட்டைக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அவரை என் காரில்தான் கூட்டிப்போனேன். டாக்டர் வெளியே வந்தார். இவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நர்ஸ் வராந்தாவில் இருந்தவர்களைப் பார்த்து, “இவங்க பாஷை தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டார். நான் எழுந்தேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்து, அவருடைய மொழியில் சொன்னேன். மனைவி போய்விட்டாள், குழந்தையும் போய்விட்டாள், வலி இருந்திருக்காது என்று சொன்னேன். ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அந்த உச்சரிப்பு மறக்கவில்லை. அவர் அழுவார் என்று கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன். அவர் அழவில்லை. தலையைத் திருப்பி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ரொம்ப நேரம். பிறகு என் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார். அன்றிலிருந்து அவர் யாரிடமும் பேசவில்லை என்று சொன்னீர்கள். துக்கம் அப்படித்தான் ஆளை அடைத்துவிடும்.

நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நடந்ததைச் சொல்வார். ஸ்பானரை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள், அவர் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நான் சாவிக்கொத்தை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தயாராக இருக்கிறேன். ஆனால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று மட்டும் எழுதாதீர்கள். ஊர் பேர் தெரியாத இடத்தில், அப்படி ஒரு நேரத்தில், அவர் மொழியில் பேச நான் ஒருத்தியாவது பக்கத்தில் இருந்தேன். அது அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.