மூணு கிலோமீட்டர் வட்டம்

பிரபு: என்னயக் கேக்காம என் போன்ல எதுக்குடி கைய வச்ச?

புவனேஸ்வரி: கைகாலக் கழுவிட்டு உக்காருங்க. சோறு போடுறேன்.

பிரபு: சோறு கிடக்கட்டும். சிறுமலையில வாழத்தார் ஏத்திக்கிட்டு இருக்கேன், 'நீங்கள் இருக்குமிடம் புவனேஸ்வரிக்குத் தெரிகிறது'ன்னு போன் காட்டுது. லோடு ஏத்துறவன் அம்புட்டுப் பேரும் சிரிக்கிறான்.

புவனேஸ்வரி: சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாக.

பிரபு: புருசனுக்கு, மாட்டுக்குக் கட்டுற மாதிரி மணி கட்டிருக்க!

புவனேஸ்வரி: மாடாவது பொழுது சாய நேரா வீட்டுக்கு வந்துரும். நீங்க வாரீகளா?

பிரபு: என்ன பேசுற நீ?

புவனேஸ்வரி: நீங்க வீட்டுக்கு மூணு கிலோமீட்டர் கிட்ட வந்தா என் போன்ல மணி அடிக்கும். இன்னைக்கு நாலு மணிக்கு அடிச்சுச்சு. நீங்க வந்தது அஞ்சே கால். நடந்தே வந்திருக்கலாமே!

பிரபு: அடியே... அந்தக் கூறுகெட்ட போன் நேர்கோட்டுல அளக்குது! மலை நம்ம கூரைக்கு மேலயே நிக்குது. வண்டி வளைஞ்சு வளைஞ்சு எறங்கணுமா இல்லையா? வாழத்தாரோட பறந்தா வருவேன்?

புவனேஸ்வரி: அதையும் பஸ் டிரைவர்கிட்டக் கேட்டுட்டேன். லோடு வண்டின்னாலும் அங்கருந்து நாப்பது நிமிசம்தானாம். மிச்சம் முப்பத்தஞ்சு நிமிசம் எங்க போச்சு?

பிரபு: ...டீ குடிச்சேன்.

புவனேஸ்வரி: அந்த ரோட்டுல கொரங்குதான் இருக்கு. கொரங்கா டீ போட்டுச்சு?

பிரபு: எவ வீட்டுக்குப் போனேன்னு கேக்குற, அதான? நேராவே கேளு!

புவனேஸ்வரி: நான் எந்த வீட்டையும் சொல்லல. எங்க நின்னீகன்னுதான் கேக்குறேன். பதினோரு நாளா, தெனமும் இதே முப்பத்தஞ்சு நிமிசம்.

பிரபு: பதினோரு நாளா பாத்துக்கிட்டா இருக்க? ச்சீ... இந்தா போனு, நீயே வச்சுக்க. நாளைல இருந்து போன் இல்லாமப் போறேன்.

புவனேஸ்வரி: வேணாம்.

பிரபு: ஏன், வேவு பாக்க முடியாதோ?

புவனேஸ்வரி: போன எடுத்துட்டுப் போங்க... உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்.

பிரபு: இப்ப எதுக்கு அழுகுற? கத்த வேண்டியவன் நான்.

புவனேஸ்வரி: அந்த முப்பத்தஞ்சு நிமிசத்த மட்டும் சொல்லுங்க.

பிரபு: ...வண்டிய ஓரங்கட்டிட்டு உக்காந்திருக்கேன்.

புவனேஸ்வரி: எதுக்கு?

பிரபு: பன்னண்டு நாளைக்கு முன்ன பேஞ்ச மழையில, பத்தாவது வளைவுல வண்டி வழுக்கிருச்சு. முன் சக்கரம் பள்ளத்துப் பக்கம் தொங்குச்சு. அன்னையில இருந்து அந்த வளைவத் தாண்டுனதும் கை நடுங்குது. நடுக்கம் நிக்கிற வரைக்கும் ஸ்டியரிங்கப் பிடிக்க முடியல. போதுமா? சொன்னா நீ வண்டிய எடுக்க விடமாட்ட!

புவனேஸ்வரி: உங்ககூட லோடுக்கு வந்த பிராங்க்ளின் அண்ணன், அன்னைக்கே அவுக சம்சாரம் ரீனாகிட்டச் சொல்லிட்டாக. அவ என்கிட்டச் சொல்லிட்டா. கட்டுனவரு எப்பச் சொல்லுவாருன்னு பதினோரு நாளா காத்துக் கெடந்தேன்... சந்தேகப்பட்டிருந்தா நீங்க எங்க நிக்கிறீகன்னுல்ல போன்ல பாத்திருப்பேன்! மூணு கிலோமீட்டர்னு வச்சதே அந்த வளைவுக்குத்தான். அது அடிச்சு, நீங்க வளைவத் தாண்டிட்டீகன்னு தெரிஞ்ச பெறகுதான் தெனமும் ஒலையில அரிசி போடுறேன்.