என் பங்குக்கு வந்தவள்

எனக்கும் எங்கள் வெள்ளாமைக் காட்டில் பங்கு வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம், அதனால் அதையே முதலில் எழுதுகிறேன் ஐயா. பெண்பிள்ளை அதை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று அம்மா சாகிற வாரத்தில்கூடச் சொன்னாள். நான் கேட்டேன். பி.ஏ. வரைக்கும் படித்த வாய் சும்மா இருக்காது.

அப்பா கோபப்படவில்லை. "உன்னப் படிக்க வெச்சனே, அதுதான் உன் பங்கு" என்றார். அண்ணன் சின்னப்பராஜ்தான் சிரித்தான். "பங்கு இல்லாம எப்பிடிப்பா? ராஜமேரிய இட்டுக்கிட்டுப் போவட்டும். உத்தியோகக்காரி, வெச்சிக் காப்பாத்தட்டும்."

ராஜமேரி என் தங்கை. இருபது வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போயிற்று, பேச்சும் போயிற்று. எழுத்து தெரியாது. நான் கை காட்டினால் உட்காருவாள், கை காட்டினால் எழுவாள். பாகப் பத்திரத்தில் கிணற்றுக்காடும் மேட்டுக்காடும் அண்ணனுக்கு. கடைசி வரியில், புளியமரங்களுக்கும் கீழே, ராஜமேரி என் பராமரிப்புக்கு. கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு வைக்காத பொம்பளையை இந்த வீட்டில் இப்போதுதான் பார்க்கிறேன் என்று பத்திரம் எழுதியவர் மெச்சிக்கொண்டார்.

அப்போது என்னிடம் சென்னை வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. பொங்கல் விடுமுறை முடிந்ததும் சேர வேண்டும். பெண்கள் ஹாஸ்டலில் ஆளுக்கு ஒரு கட்டில், கூட யாரும் தங்கக் கூடாது. பதினெட்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் ஊர் கடத்தூரில் யார் முன்னாலும் நான் அழவில்லை. அழுதால் அண்ணன் ஜெயித்துவிடுவான்.

மொரப்பூரில் சென்னைக்கு ரயிலேறினோம். காணும் பொங்கலன்று அவளைப் பெரிய மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். எங்கள் பக்கத்தில் அதைச் செத்த காலேஜ் என்பார்கள். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். அன்றைக்கு வண்டி வண்டியாக ஜனம். கரும்பைக் கடித்துக்கொண்டே வெண்கலச் சிலைகளைப் பார்த்தார்கள். படங்கள் மாட்டிய கூடத்தில் ராஜமேரி நின்றுவிட்டாள். பழத்தட்டு ஏந்திய ஒரு பெண்ணின் ஆளுயரப் படம். தன் கையிலிருந்த முறுக்கை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"இன்னாம்மா, நீயும் செலையா? நகரு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை, சிரித்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் கழுத்தில் மாதா உத்தரியம் இருந்தது, நூலில் கோத்த சின்னத் துணிப்பட்டை. அதன் துணிக்குள் அம்மா எங்கள் ஊர் விலாசத்தை எழுதி வைத்துத் தைத்திருந்தாள். நூல் அறுந்திருக்கிறது என்று கை காட்டி, கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். நூல் அறுந்திருக்கவில்லை.

உங்களிடம் புகார் கொடுத்தது அண்ணி ஞானமேரி என்கிறீர்கள். கொடுப்பாள். நாங்கள் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி வந்தவள் அவள் ஒருத்திதான். "இவள எங்கிட்டயே வுட்டுட்டுப் போ கண்ணு. எம் புள்ளைங்களோட ஒண்ணா இருந்துட்டுப் போவுது. உங்கண்ணன நான் பாத்துக்கறன்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

"பங்குன்னா பங்குதான் அண்ணி" என்றேன்.

ராஜமேரியைச் சுவரோரம் அந்தப் படத்துக்கு நேராக உட்காரச் சொல்லிக் கை காட்டினேன். உட்கார்ந்தாள். நான் கை காட்டாமல் எழமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

எங்களுக்கு வேறு வழி வைக்காதவர்கள் அவர்கள். நான் அவளைக் கைவிடவில்லை, அவளுக்குப் பிடித்த இடத்தில் விட்டேன்.

வாசலில் காவல்காரர் கேட்டார். "மூடப் போறோம்மா. கூட வந்தவங்க யாராச்சும் உள்ள இருக்காங்களா?"

"இல்லீங்க, நான் தனியாத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். உடன்பிறந்த சகோதரிகள் என்று ஹாஸ்டல் படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் 'இல்லை' என்று பாகம் பிரித்த அன்றைக்கே எழுதி, கடத்தூரிலேயே தபாலில் போட்டிருந்தேன்.