சிவப்புச் சாயம் தொட்ட காசு

எங்கள் கிளையின் தலைமைக் காசாளராக வீற்றிருந்து, இன்றோடு அந்த நாற்காலியை விட்டு எழும் பெரியவர் அவர்களுக்கு, கவுண்டரிலும் கணக்கிலும் கடன் பிரிவிலும் வாசல் காவலிலும் உடன் உழைத்தோர் ஒன்றுகூடி, உள்ளத்தில் உள்ளதை ஒளிக்காமல் உரைத்து அளிக்கும் மடல்.

கல்லாவைக் காத்த காவலரே!

காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து காத்திருந்தவர் நீங்கள். மாலையில் கல்லா நேராகும் வரை கால் அசையாது அமர்ந்திருந்தவர் நீங்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் உங்கள் விரல்களுக்கிடையே புரண்ட பணத்தில் ஒரு காசு குறைந்ததில்லை, ஒரு காசு கூடியதுமில்லை. எண்ணும் இயந்திரம் வந்திறங்கிய நாளில் நாங்கள் எல்லோரும் அதன் பக்கம் நிற்க, நீங்கள் ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் நின்று, அது ஒரு நோட்டுக்கட்டில் ஒரு தாளை விழுங்கியதைக் காட்டிக் கொடுத்தீர்கள். பழுது பார்க்க வந்தவர், இப்படி எண்ணும் உங்கள் விரல்களைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும் என்று வியந்தார். "கல்லா நேரா இருந்தா மனசும் நேரா இருக்கும்" என்று தினமும் நீங்கள் சொல்லக் கேட்டு, அதையே எங்கள் வேலைக்கு இலக்கணமாகக் கொண்டோம்!

கனிவு குன்றாத கருணையாளரே!

எங்களில் ஒருத்தியின் கல்லாவில் பணம் குறைந்த மாலையில், அவள் அழுத அழுகையில் அலுவலகமே கலங்கி நிற்க, "விடும்மா, எங்கயும் போயிருக்காது. தேடினா கெடைக்கும்" என்று கூடவே அமர்ந்தீர்கள். குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்து, கிழித்தெறிந்த காகிதப் பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த தாளைக் கண்டெடுத்துக் கொடுத்தீர்கள். கை நடுங்கும் ஓய்வூதியக்காரர்களுக்குச் சலான் நிரப்பிக் கொடுத்த கை உங்களுடையது. வரிசையில் நின்று வாதாடியவர்களைக்கூட வாங்க போங்க என்றே பேசிய வாய் உங்களுடையது.

பழங்காசுகளின் பித்தரே!

உங்கள் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சிறு லென்ஸ் இருக்கும். கவுண்டரில் பழைய காசோ, அச்சுப் பிசகிய காசோ வந்து விழுந்தால், "சார், விருந்தாளி வந்திருக்கார்!" என்று நாங்கள் குரல் கொடுப்போம். இருந்த இடத்தை விட்டு எழுந்து ஓடி வருவீர்கள். காசை எடுத்துக்கொண்டு, அதே மதிப்புள்ள காசு ஒன்றை உங்கள் பையிலிருந்து எடுத்துத் தட்டில் போடுவீர்கள். அப்படி மாற்றிப் போட்டே நீங்கள் சேர்த்த காசுகள் இன்று உங்கள் வீட்டில் ஒரு பீரோவை நிறைத்திருக்கின்றன. அந்தத் தேட்டத்துக்கு எங்கள் கண்களும் உதவின என்பதில் எங்களுக்குப் பெருமை!

இதுவரை உள்ளதைப் போன மாதமே எழுதி முடித்து, அழகாக எழுதித் தருபவரிடம் கொடுத்து, தடித்த தாளில் வாங்கியும் வைத்துவிட்டோம். அதில் ஒரு வரியும் பொய்யில்லை. அதனால் எதையும் அடிக்கவில்லை. இனி வருவது, உங்களுக்குப் பரிசு வாங்கப் பழங்காசுக் கடைக்குப் போய் வந்த பிறகு எழுதியது. எழுத்து சுமாராகத்தான் இருக்கும். இரண்டாம் கவுண்டரில் உட்காரும் என் கையெழுத்து அது.

ஐயா!

உங்களிடம் இல்லாத காசாக ஒன்று வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்டோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "உங்க பெரியவர் கையில இருந்ததே ஒண்ணு இருக்கு. என்கிட்டதான் வித்தாரு. இதக் குடுத்தீங்கன்னா மனுசன் அசந்துபோயிடுவாரு" என்றபடி உள்ளேயிருந்து எடுத்து வந்தார். விளிம்பில் ஒரு பக்கம் கடித்துத் துப்பியதுபோல் வெட்டுப்பட்டு, எண் தலைகீழாக அச்சாகிய காசு. "பாருங்க, எண்ணோட பள்ளத்துல கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கு. சுரண்டிப் பாத்திருக்கார், முழுசாப் போகல. இது மட்டும் இல்லன்னா வெலை இன்னும் எகிறும்" என்றார்.

அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேருந்து நடத்துனர் ஒருவரின் மனைவி, பிஸ்கட் டப்பா நிறையக் காசோடு என் கவுண்டருக்கு வந்தார். கணவருக்கு அறுவை சிகிச்சை. மருத்துவமனை கேட்ட முன்பணத்தில் குறைந்ததை ஈடுகட்ட வீட்டைத் துடைத்து எடுத்து வந்திருந்தார். நான் காசுகளைத் தட்டில் கொட்டினேன். சிவப்புச் சாயம் தொட்ட அந்தக் காசு கண்ணில் பட்டது. பழக்க தோஷம், வாய் தானாகவே திறந்தது. "சார், விருந்தாளி வந்திருக்கார்!" என்றேன்.

நீங்கள் வந்தீர்கள். லென்ஸை எடுத்தீர்கள். அந்த அம்மா கண்ணாடியோடு ஒட்டி நின்று கேட்டார்: "சார், இது ஏதாவது விசேஷமான காசா? சில்லறையோட சில்லறையாப் போயிடக் கூடாதுன்னுதான் அவரு சாயம் தொட்டு வச்சிருந்தாரு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்."

நீங்கள் நிதானமாகப் பார்த்தீர்கள். திருப்பிப் பார்த்தீர்கள். "எல்லாம் சாதாரணக் காசுதாம்மா" என்றீர்கள். உங்கள் பையிலிருந்து ஒரு காசை எடுத்துத் தட்டில் போட்டீர்கள். "இவ்வளவு பொறுமையா பாத்துச் சொன்னீங்களே, அதுவே போதும் சார்" என்று அந்த அம்மா உங்களைக் கும்பிட்டார். உங்கள் பீரோவுக்கு இன்னொரு காசு என்று நினைத்து நானும் சிரித்தேன். மூன்று மாதம் கழித்து, கூட்டுக் கணக்கை முடிக்க இறப்புச் சான்றிதழோடு அவர் மறுபடி வந்தபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஏனென்றால் நீங்கள் சொன்னதை நானும் நம்பியிருந்தேன்.

கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டுக் கடன் பிரிவுத் தம்பி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவுக்குக் குறைந்த பணத்தைவிட அது அதிகம். "அவர் இத ரெண்டு நாள்கூட கையில வச்சிருக்கல. டப்பாவோட வந்துச்சுன்னு சொல்லிச் சிரிச்சாரு" என்று கடைக்காரர் வேறு சொல்லிவைத்தார். பாவம், அவர் உங்களைப் புகழ்வதாகத்தான் நினைத்தார்.

நீங்கள் காசை மாற்றிப் போடுவதைப் பற்றித் தேநீர் இடைவேளைகளில் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறோம். வாடிக்கையாளர் செலுத்திய காசு வங்கியுடையது, முகமதிப்பு முழுதாக அவர் கணக்கில் ஏறிவிட்டது, மாற்றிப் போட்டதில் யாருக்கும் நட்டமில்லை என்பீர்கள். வங்கியுடையது என்றால் அது உங்கள் பீரோவுக்கு எப்படிப் போகலாம் என்று கணக்குப் பிரிவு அம்மா மடக்குவார். நீங்கள் சிரித்து மழுப்புவீர்கள், நாங்களும் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவோம். கேட்காதவருக்குச் சொல்லாமல் விடுவது சரியா என்று இன்னும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் டப்பாவோடு வந்த அந்த அம்மா கேட்டார், ஐயா. வாய்விட்டுக் கேட்டார்.

பரிசுக்குச் சேர்த்த பணம் போதவில்லை. சேமிப்புச் சங்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் கடன் எடுத்து அந்தக் காசை வாங்கினோம். போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், அவர் உள்ளங்கையில் வைத்தேன். சிவப்பு ஒட்டிய பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பேங்க்லேந்து நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். இத்தன வருசமா குப்பையச் சேத்து வச்சிருக்கீங்கன்னு அவரத் திட்டிட்டேன். அவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. அதுக்கப்பறம் காசப் பத்திப் பேசவே இல்ல."

அவர் பணம் கேட்கவில்லை. போலீசுக்குப் போகட்டுமா என்று கேட்டதற்குத் தலையசைத்து மறுத்துவிட்டார். "அது சாதாரணக் காசு இல்லன்னு அந்த சார் ஒரு தடவ வாயால சொல்லிட்டாப் போதும். இவரு படத்துக்கு முன்னாடி போய் நான் சொல்லிக்குவேன்" என்றார். இந்த மடலின் பின்பாதி அதற்காகவே எழுதப்பட்டது.

மேலாளர் இதைப் படித்துவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா இது வேணாமே. முதல் பாதியோட நிறுத்திக்கலாமே" என்றார். அவர் சங்கடம் புரிகிறது. ஆனால் முதல் பாதியோடு நிறுத்தினால் நாங்களும் அந்த அம்மாவுக்கு எல்லாம் சாதாரணக் காசு என்று சொன்னவர்கள் ஆகிவிடுவோம்.

எண்ணிக்கையில் என்றும் தப்பாதவரே!

இந்த மடலுக்குப் போட்ட மரச்சட்டத்தின் கீழ் மூலையில், கண்ணாடிக்குள் ஒரு காசு பதித்திருக்கிறோம். அன்று நீங்கள் பையிலிருந்து எடுத்துப் போட்டது போன்ற ஒன்று, இன்று காலை என் காசு ஒன்றைப் போட்டு என் கல்லாவிலிருந்து மாற்றி எடுத்தது. அதற்கு ஈடாக, சாயம் தொட்ட காசு உரியவரிடம் போய்விட்டது. முகமதிப்பில் இரண்டும் ஒன்றுதான். உங்கள் கணக்குப்படி யாருக்கும் நட்டமில்லை, கல்லாவும் நேராகிவிட்டது.

நீங்கள் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ வேண்டும்! கண் மங்காமல், காது மந்தமாகாமல், நினைவு தடுமாறாமல் வாழ வேண்டும்! இது வாய்வார்த்தை அல்ல. எங்களில் பலரும் உங்கள் மேல் இன்னும் பிரியமாகத்தான் இருக்கிறோம். குப்பைக்கூடையைக் கவிழ்த்து அந்தத் தாளைத் தேடிக் கொடுத்தீர்களே, அன்று அழுதவள் நான்தான். அதனால்தான் இதை எழுதும்போது இவ்வளவு கோபம் வருகிறது.

அடுத்து உங்கள் ஏற்புரை. அதற்கு முன், மூன்றாம் வரிசை ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மா மேடைக்கு வருவார். காசை உங்கள் முன் நீட்டி, அன்று கேட்டதையே மறுபடி கேட்பார். லென்ஸ் உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பொறுமையாகப் பார்த்துச் சொல்லுங்கள், சார்.

இவண்,
மேலாளர் நீங்கலாக,
கிளைப் பணியாளர்கள் அனைவரும்