நாலாம் நம்பர் ரூம் நோயாளி

மாணவி: ...அதனால முதல்லயே சொல்லிடறேன், ரொம்ப முரண்டு பிடிச்சீங்கன்னா நான் அவ்வளவுதான். போன தடவை வந்த நடிகர் நிஜமாவே அழுதுட்டாரு. டிஷ்யூ பெட்டியை மெதுவா அவர் பக்கம் தள்ளணும். நான் பதறிப்போய் தண்ணி கிளாஸையும் சேத்துத் தள்ளி, அவர் மடியெல்லாம் ஈரம்.

மெக்கானிக்: யாரும்மா நீ?

மாணவி: ஓ, ஆரம்பிச்சுட்டீங்களா! இருங்க இருங்க, கேமராவைப் போட்டுக்கறேன்... ம், சிவப்பு லைட் வந்துடுச்சு. வணக்கம் ஐயா. நான் நாலாம் வருஷ மருத்துவ மாணவி. உங்ககூட கொஞ்ச நேரம் பேசலாமா?

மெக்கானிக்: நான் ஏசி பாக்க வந்தவன்.

மாணவி: ஏசி மெக்கானிக்கா? என் பேப்பர்ல லாரி டிரைவர்னு போட்டிருக்கு. கேஸை மாத்திட்டாங்களா? பரவால்ல, சமாளிச்சுக்கறேன்.

மெக்கானிக்: யாரும் எதையும் மாத்தல. ஸ்டூல் மேல ஏறி நிக்கறேன், கையில ஸ்க்ரூடிரைவர் இருக்கு. கண்ணு தெரியல?

மாணவி: அதைத்தான் பாத்துட்டே இருக்கேன். சட்டையில கம்பெனி பேரு வேற... என்னா தயாரிப்பு! இறங்கி இந்த நாற்காலிக்கு வாங்க. இதுதான் நோயாளி நாற்காலி.

மெக்கானிக்: நான் நோயாளி இல்லம்மா.

மாணவி: கரெக்ட்! முதல் கட்டமே இதுதான். மறுப்பு. "எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நோயாளியே இல்ல"ன்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்களாம். எதிர்த்துப் பேசக்கூடாது, தலையை ஆட்டணும்னு மேடம் சொல்லியிருக்காங்க. பாருங்க, ஆட்டறேன்.

மெக்கானிக்: நல்லா ஆட்டறே... சரி, உக்கார்றேன். கால் கடுக்குது. ஆமா, இங்க என்னதான் நடக்குது?

மாணவி: உங்களுக்குச் சொல்லாமலேயா அனுப்பினாங்க? புதுசா நீங்க?

மெக்கானிக்: ரொம்பப் புதுசு.

மாணவி: சிம்பிள். சிகரெட் பிடிக்கறவங்களை எப்படிப் பேசி விட வைக்கறதுன்னு எங்களுக்குப் பயிற்சி. நீங்க நடிகர், சிகரெட்காரரா நடிப்பீங்க. நான் பேசுவேன். கேமரா புடிக்கும். சாயங்காலம் மேடம் வீடியோவைப் பாத்து மார்க் போடுவாங்க.

மெக்கானிக்: காசு குடுத்து நடிக்க வைக்கறீங்களா? கீழ நிஜ நோயாளி கோயில் கூட்டம் மாதிரி கியூவுல நிக்கறான். மாடியில வாடகைக்கு நோயாளியா?

மாணவி: நிஜ ஆளுகிட்ட தப்பாப் பேசிட்டா அவர் திரும்ப ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டாரு அண்ணா. உங்ககிட்ட தப்பாப் பேசினா என் மார்க்குதான் போகும். ஏற்கெனவே ரெண்டு தடவை போயிருக்கு. இன்னைக்கும் கோட்டை விட்டேன்னா என் கூடப் படிக்கறவங்க எல்லாரும் அடுத்த வருஷம், நான் மட்டும் இங்கயே.

மெக்கானிக்: எதுக்கு ஃபெயில் போட்டாங்க?

மாணவி: அதிகமாப் பேசறேனாம்.

மெக்கானிக்: அப்படியா? தெரியவே இல்லயே.

மாணவி: கிண்டலா? "நோயாளி வாயத் திறக்கறதுக்குள்ள நீயே பதிலும் சொல்லிடறே"ன்னு எழுதியிருந்தாங்க. நான் என்ன பண்ணுவேன், யாராவது சும்மா இருந்தா எனக்குக் கை காலெல்லாம்...

மெக்கானிக்: இரு இரு. ஒண்ணு கேக்கறேன். அப்ப இந்த ரூம்ல என்ன சொன்னாலும் நடிப்புதான்?

மாணவி: முழுக்க முழுக்க.

மெக்கானிக்: யாரும் நிஜம்னு எடுத்துக்க மாட்டாங்க?

மாணவி: சத்தியமா மாட்டாங்க.

மெக்கானிக்: ...சரி. கேளு.

மாணவி: ஐயா, நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?

மெக்கானிக்: பாக்கெட்டே சட்டைக்குள்ளேருந்து எட்டிப் பாத்து உனக்கு வணக்கம் சொல்லுது. பிடிக்காம என்ன?

மாணவி: விடணும்னு தோணியிருக்கா? பத்து மார்க்குக்கு எவ்வளவு தோணுது? நிறையவா, சுமாரா, ஒரு அஞ்சு வச்சுக்கலாமா...

மெக்கானிக்: பாத்தியா, நீயே மார்க் போடறே.

மாணவி: ஐயோ. சாரி. நீங்க சொல்லுங்க.

மெக்கானிக்: மூணு.

மாணவி: ஏன் ஒண்ணு இல்ல?

மெக்கானிக்: என்னது?

மாணவி: "ஏன் பத்து இல்ல"ன்னு கேட்டா நோயாளி சண்டைக்கு வருவாராம். "ஏன் ஒண்ணு இல்ல"ன்னு கேட்டா அவரே காரணத்தைத் தேடிச் சொல்லுவாராம். டெக்னிக். ...இதை உங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாது.

மெக்கானிக்: நான் கேக்கல, நீ சொல்லல. ஏன் ஒண்ணு இல்லன்னா... படி.

மாணவி: படியா?

மெக்கானிக்: மொட்டை மாடியில இருக்கும் வெளி யூனிட்டு. ஏறணும். முன்னெல்லாம் கேஸ் சிலிண்டரைத் தோள்ல போட்டுக்கிட்டு விசிலடிச்சுட்டே ஏறுவேன். இப்ப பாதியில நிப்பேன். வீட்டுக்காரங்க கீழேருந்து பாப்பாங்க இல்ல? அதனால போனைக் காதுல வச்சுக்குவேன். "ஆ, சொல்லுங்க சார், வந்துட்டே இருக்கேன் சார்"ன்னு. அந்தப் பக்கம் சாரும் இல்ல, மோரும் இல்ல. மூச்சு வாங்கறது தெரியக்கூடாதுன்னு.

மாணவி: அட! இது சூப்பர். இதெல்லாம் நீங்களே யோசிச்சதா?

மெக்கானிக்: நானேதான்.

மாணவி: இருமல் உண்டா? காலையில? ராத்திரி?

மெக்கானிக்: அது என் அலாரம். அக்கம்பக்கத்துல அதைக் கேட்டுத்தான் எழுந்துக்கறாங்க. இப்பக் கொஞ்ச நாளா சளியில... லேசா சிவப்பா வருது.

மாணவி: அடேங்கப்பா! ரத்தமா? இது பேப்பர்லயே இல்ல அண்ணா. பாருங்க, எனக்குப் புல்லரிக்குது. நீங்க சினிமாவுல ட்ரை பண்ணலாம், விளையாட்டுக்குச் சொல்லல...

நடிகர்: எக்ஸ்க்யூஸ் மீ. நாலாம் நம்பர் ரூம் இதுதானே? சாரி, பஸ்ஸு நடுவழியில நின்னுடுச்சு. நான்தான் லாரி டிரைவர்.

மாணவி: எந்த... லாரி டிரைவர்?

நடிகர்: சிகரெட் கேஸ். வறட்டு இருமல், பொண்டாட்டியோட தகராறு, நடுவுல ஒரு தடவை மேஜையைத் தட்டிக் கோபப்படணும். பேப்பர் வச்சிருக்கேன் பாருங்க. இவர் யாரு?

மாணவி: இவரு... இவர் நோயாளி.

நடிகர்: அப்ப நானு?

மாணவி: நீங்க வெளிய உக்காருங்க அண்ணா. கதவைச் சாத்திட்டுப் போங்க.

நடிகர்: ரொம்ப நேரம் முடியாது தங்கச்சி. அடுத்து ஆறாம் ரூம்ல எனக்கு வயித்து வலி இருக்கு.

மாணவி: சரிண்ணா.

மெக்கானிக்: ...யாரும்மா அது?

மாணவி: அவரா? ரூம் மாறி வந்துட்டாரு.

மெக்கானிக்: லாரி டிரைவர்ங்கறாரே.

மாணவி: ஊர்ல எத்தனையோ லாரி டிரைவர். ஒரு நிமிஷம்... இந்த வயர் கால்ல தட்டிடும் போல இருக்கு. நகத்திடறேன். ...ம். சொல்லுங்க.

மெக்கானிக்: என்ன சொல்ல?

மாணவி: எது வேணா.

மெக்கானிக்: என்ன, ரேடியோ நின்னு போச்சு?

மாணவி: கேட்டுட்டு இருக்கேன்.

மெக்கானிக்: கேள்வியே கேக்காம எப்படிக் கேப்பே?

மாணவி: அந்தச் சிவப்பு. எப்பலேருந்து?

மெக்கானிக்: நடிப்புக்குத்தானே?

மாணவி: ...நடிப்புக்குத்தான்.

மெக்கானிக்: வெயில் ஆரம்பிச்சதுலேருந்து. ஏசி சீசன், நிக்க நேரமில்ல, தூசின்னு நினைச்சேன். ஒரு ஃபில்டரைக் கழட்டினா அரை மூட்டை தூசி கொட்டும் தெரியுமா?

மாணவி: வீட்ல தெரியுமா?

மெக்கானிக்: இருமல் தெருவுக்கே தெரியும். அதோட கலர் யாருக்கும் தெரியாது. வாஷ்பேசின் குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் துப்புவேன். ஒரு நாள் துண்டுல பட்டுடுச்சு. ஈறு கிழிஞ்சுடுச்சுன்னேன். பாவம், வீட்டுக்காரி மறுநாளே மெத்துனு ஒரு பிரஷ் வாங்கிட்டு வந்துட்டா.

மாணவி: ம்.

மெக்கானிக்: எனக்கு அந்த பிரஷ்ஷைப் பாத்தா ஒரு மாதிரி ஆயிடும். தேய்க்கறேன், தினம்.

மாணவி: ம்.

மெக்கானிக்: என்னம்மா இது, ம் ம்முன்னு. டிஷ்யூ பெட்டியைத் தள்ளற நேரமா?

மாணவி: வேணுமா?

மெக்கானிக்: வேண்டாம். அது அங்கயே இருக்கட்டும்.

மாணவி: ராத்திரி இதையெல்லாம் நினைச்சா என்ன பண்ணுவீங்க?

மெக்கானிக்: பயமா இருக்கும். பால்கனிக்குப் போய் ஒரு தம் போடுவேன்.

மாணவி: எதை நினைச்சுப் பயம்?

மெக்கானிக்: தம்மு என்ன பண்ணி வச்சிருக்கோன்னுதான். ...சிரிக்காதே. எனக்கும் தெரியுது கேணத்தனம்னு.

மாணவி: சிரிக்கல. ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாமே அண்ணா.

மெக்கானிக்: அது... எடுக்கறப்ப வலிக்குமா?

மாணவி: துளிகூட இல்ல. சட்டையைக் கழட்டிட்டு ஒரு பலகையில நெஞ்சை வச்சு நிக்கணும். மூச்சை இழுத்துப் பிடிங்கம்பாங்க. அவ்வளவுதான்.

மெக்கானிக்: இழுத்தா இருமல் வந்துடுமே.

மாணவி: வந்தா நிப்பாட்டிட்டு மறுபடி எடுப்பாங்க. யாரும் திட்ட மாட்டாங்க.

மெக்கானிக்: கெட்டதா ஏதாவது தெரிஞ்சா? அதுக்கும் ஒரு டெக்னிக் இருக்குமே, எடுத்து விடு.

மாணவி: அது அடுத்த வருஷப் பாடம் அண்ணா. எனக்கு இன்னும் சொல்லிக் குடுக்கல.

மெக்கானிக்: நல்லவேளை. வேற யாராவதா இருந்தா "ஒண்ணும் இருக்காது, தைரியமா இருங்க"ன்னு வாயில வந்ததை அடிச்சு விட்டிருப்பான்.

மாணவி: எனக்கும் அதான் வாயில வந்துச்சு. முழுங்கிட்டேன். தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். கெட்டதுன்னாலும் இப்பத் தெரியறது வேற, அடுத்த சீசன்ல தெரியறது வேற. டாக்டர்கிட்ட அந்தக் கலரைச் சொல்லணும். அவரா கேக்கற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

மெக்கானிக்: கேக்கறதை விட்டுட்டு அட்வைஸ் பண்றே. மார்க் போகும்.

மாணவி: போகட்டும். சிகரெட்டைப் பத்தி ஒண்ணு மட்டும் கேக்கவா? இன்னைக்கு அடுத்த சிகரெட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?

மெக்கானிக்: இவ்வளவு நேரம் தம் போடாம இங்க உக்காந்திருக்கேனே, அது தள்ளிப் போடறது இல்லயா? கை அப்பவே நமநமன்னுது. ...அது என்ன மணி?

மாணவி: என் நேரம் முடிஞ்சதுன்னு அர்த்தம். நீங்க உக்காருங்க.

மெக்கானிக்: அந்தச் சிவப்பு லைட்டும் ரொம்ப நேரமா எரியலயே.

மாணவி: ...கவனிச்சீங்களா?

மெக்கானிக்: வயர்லயே பொழப்பு நடத்தறவன்மா நான். வயரை நகத்தறதுக்கும் புடுங்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதா? அந்த ஆளு உள்ள வந்தப்பவே உன் மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

மாணவி: நீங்க பேசறது வீடியோவுல இருக்கக் கூடாதுன்னுதான் நிறுத்தினேன். அதுக்கு முன்னாடி இருக்கறதையும் மேடம்கிட்ட சொல்லி அழிச்சுடறேன். ரத்தம்னு சொன்னதுக்குப் புல்லரிக்குதுன்னேன் பாருங்க... அதை நினைச்சாதான்...

மெக்கானிக்: விடு. நல்லா நடிக்கறேன்னு என்னை இதுவரைக்கும் யாரும் பாராட்டினதில்ல. என்னை எழுப்பி விட்டுட்டு அந்தாளை உக்கார வச்சிருக்கலாமே. பாஸாயிருப்பே.

மாணவி: எழுப்பினா நீங்க போயிருப்பீங்க.

மெக்கானிக்: போயிருப்பேன்தான். இப்ப உன் பரீட்சை?

மாணவி: லாரி டிரைவர் இந்நேரம் ஆறாம் ரூம்ல வயித்தைப் புடிச்சுட்டு உருண்டுட்டு இருப்பாரு. மேடம்கிட்ட கேட்டுப் பாப்பேன். குடுத்தா குடுப்பாங்க, இல்லன்னா இன்னொரு வருஷம் பேசாம இருக்கப் பழகறேன். அதை விடுங்க. நீங்க இந்த ஏசி வேலையை முடிங்க, நான் இங்கயே ஓரமா உக்காந்திருக்கேன். முடிச்சதும் ரெண்டு பேரும் கீழ போய் எக்ஸ்ரேவுக்குச் சீட்டு வாங்கிடலாம். கியூ எங்க ஆரம்பிக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது, நான் காட்டறேன்.

மெக்கானிக்: சீட்டெல்லாம் வாங்கியாச்சு.

மாணவி: யாரு வாங்கினா?

மெக்கானிக்: இந்த ஏசிக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் ஓடுது. என்னை யாரும் கூப்பிடவும் இல்ல. கையில ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தா எந்த ரூமுக்குள்ள போய் நின்னாலும் ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க... கீழ எக்ஸ்ரே ரூம் வாசல்ல என் வீட்டுக்காரி சீட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. என் பேரைக் கூப்பிட்டாங்க. பாத்ரூம் போயிட்டு வரேன்னு அவகிட்ட சொல்லிட்டு மாடி ஏறிட்டேன். ...வா, போலாம். கலர் விஷயத்தை நானே அவகிட்ட சொல்லிக்கறேன், நீ பக்கத்துல மட்டும் நில்லு.