நிலுவை முறைப்பாடுகள்: பூச்சியம்

வெள்ளவத்தையில் ஐந்து மாடிக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தை எடுத்தாலும் அதில் ஒரு முறைப்பாட்டுக்காரர் இருப்பார். மேல் வீட்டுக்காரர் கதிரை இழுக்கும் சத்தம், கீழ் வீட்டுக்காரர் கருவாடு பொரிக்கும் மணம், எல்லாவற்றுக்கும் அவரிடம் திகதியும் நேரமும் இருக்கும். எங்கள் கட்டடத்தில் அவர் 7பி வரதராசா. வயது எழுபத்து நான்கு. ஓய்வுபெற்ற தபாலதிபர். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் அருந்ததி ரொறன்ரோவில். நான் 5ஏ பிரியந்தன், மென்பொருள் பொறியியலாளர். என் கூற்றைச் சிங்களத்தில் எழுதி எனக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொன்னீர்கள். தமிழில் நானே தட்டச்சு செய்து தருகிறேன் என்றேன். உங்கள் பொலிஸ் நிலையத்தின் இந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு வேலை செய்யவில்லை, அதையும் சரிசெய்துவிட்டேன். நன்றி எல்லாம் தேவையில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது பெரிதாகப் பிழைத்துவிட்டால், பிறகு உட்கார்ந்து என்ன நடந்தது என்று ஓர் அறிக்கை எழுதுவோம். அதில் ஆளைக் குற்றம் சொல்லக் கூடாது. இன்னார் பிழை விட்டார் என்று எழுதுவதில்லை, பிழை விட அமைப்பு இடம் கொடுத்தது என்று எழுதுவோம். நாகரிகமான வழக்கம். நம் அரசியல்வாதிகள் மென்பொருள் படிக்காமலே இதை எத்தனையோ காலமாகக் கடைப்பிடித்து வருகிறார்கள். இந்தக் கூற்றையும் அந்த முறையிலேயே எழுதுகிறேன்.

முன்பு எங்கள் செக்கியூரிட்டி மேசையில் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி கிடந்தது. முறைப்பாடு உள்ளவர்கள் அதில் எழுதுவார்கள். முகாமைக் குழு மாதத்துக்கு ஒருமுறை வாசித்துத் தலையாட்டும். நான் குழுவின் தொழில்நுட்ப உறுப்பினர் ஆனதும் கொப்பியைத் தூக்கிவிட்டு 'உடனடி' என்றொரு செயலியைச் செய்தேன். போனில் முறைப்பாட்டை அனுப்பினால் அதற்கு ஓர் இலக்கம் விழும். வேலை முடிந்ததும் 'தீர்க்கப்பட்டது' என்று நான் மூடுவேன். அனுப்பியவருக்கு அப்படியே பதில் போகும்.

சில வேளை வேலை முடியாமலும் மூடுவேன். அதைப் பெரிய விடயமாக எடுக்க வேண்டாம். மென்பொருள் துறையில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் உலகம் முழுவதும் நடப்பதுதான். தட்டுப்பாட்டில் பெற்றோலுக்குக் கியூ.ஆர். பங்கீடு வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். வீதியில் வரிசை குறைந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பெற்றோல் ஒன்றும் பெருகிவிடவில்லை, காத்திருந்தவர்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள், அவ்வளவுதான். காத்திருப்பவரைக் கண்ணில் படாமல் வைப்பதே தொழில்நுட்பத்தின் பாதி வேலை. மீதிப் பாதியைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

வரதராசா செயலியை எல்லோருக்கும் முதலில் பழகிக்கொண்டார். மூன்று மாதத்தில் வந்த முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் அவருடையவை. ஒரு நாள் என் வீட்டுக்கே வந்து ஒரு தாளை நீட்டினார். என் செயலியில் உள்ள பிழைகள், பதினேழு, முத்து முத்தான கையெழுத்தில். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாக விளக்கினார். மரியாதையாகத்தான் பேசினார், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். பதினேழும் சரி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பதினெட்டாவதை வாயால் சொன்னார். லிப்டுக்குள் ஒரு பழைய மணி இருந்தது, அமத்தினால் கீழே செக்கியூரிட்டி மேசையில் அலறும். அதைக் கழற்றிவிட்டு, அந்தப் பொத்தானைச் செயலியோடு இணைத்திருந்தேன். லிப்டுக்குள் போன் சிக்னல் வராது என்பதால் வைபையும் போட்டுக் கொடுத்தேன். ஒரே வேலைக்கு இரண்டு வழி இருப்பது நல்ல பொறியியல் அல்ல. அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"மணியைத் திருப்பிப் பூட்டுங்கோ தம்பி. மணி அடிச்சா ஆரெண்டாலும் திரும்பிப் பாப்பினம். போன்ல வாறதை நீங்கள் ஒராள்தானே பாப்பீங்கள்."

ஓம் ஐயா, பார்க்கிறேன் என்றேன். அதற்கும் இலக்கம் விழுந்தது. அதையும் மூடினேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வருடாந்தப் பொதுக்கூட்டம் பின்னேரம் நாலரைக்குக் கீழ் மண்டபத்தில் நடந்தது. இங்கே இருப்பவர்கள் நேரில் வந்தார்கள், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் சூமில் வந்தார்கள். என் செயலியைப் பார்ப்பதற்கென்று எங்கள் ஒழுங்கையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள பன்னிரண்டு தொடர்மாடிகளின் குழுத் தலைவர்களையும் அழைத்திருந்தேன். பன்னிரண்டும் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கம்பெனி தொடங்குவதாக இருந்தேன். எத்தனை வருடம் பிறத்தியாருக்கு எழுதிக் கொடுப்பது. சுவரில் பெரிய திரை. திரையில் ஒரேயொரு வரி, பச்சை நிறத்தில்: நிலுவை முறைப்பாடுகள், பூச்சியம்.

நாலே முக்காலுக்குக் கரண்ட் போனது. ஒரு நிமிடத்தில் ஜெனரேற்றர் பிடித்துக்கொண்டது. லிப்ட் மட்டும் சில வேளை நடு மாடியில் நின்றுவிடும். மேலே போய் லிப்ட் இயந்திர அறையைத் திறந்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, பக்கத்து மாடிக்கு இறக்க வேண்டும். பத்து நிமிட வேலை. அந்த அறையின் திறப்பு தொழில்நுட்ப உறுப்பினரின் சாவிக்கொத்தில் இருக்கும். அன்று என் காற்சட்டைப் பையில் இருந்தது.

நாலு ஐம்பத்திரண்டுக்குப் பூச்சியம் ஒன்றாகிச் சிவந்தது. விவரம் என் போனில் வந்தது: அவசரம், லிப்ட், நான்காம் ஐந்தாம் மாடிக்கு இடையில், 7பி. கூட்டத்துக்கு இறங்கி வந்துகொண்டிருந்திருக்கிறார். சபையில் ஒருவரும் கவனிக்கவில்லை. நான் போனில் பெருவிரலால் மூடினேன். மறுபடி ஒன்றானது. மறுபடி மூடினேன். இப்படிப் பதினொரு தரம். பேச்சையும் நிறுத்தவில்லை. பிறகு, 7பியிலிருந்து வருவதெல்லாம் தானாகவே மூடட்டும் என்று ஒரு விதி எழுதினேன். ஒரே வரிதான். அதன் பிறகு திரை பச்சையாகவே இருந்தது.

எல்லோருக்கும் ஓர் அறிவித்தலும் அனுப்பினேன்: லிப்ட் பராமரிப்பில் உள்ளது, படிகளைப் பயன்படுத்தவும். பொறுப்புள்ள ஆள் இதைச் செய்ய வேண்டும்தானே.

இரண்டு இடத்தில் மட்டும் தடங்கல் வந்தது. முதலாவது அருந்ததி அக்கா. 7பி அவருடைய பெயரில் இருப்பதால் சூமில் இருந்தார். திடீரென்று மைக்கைத் திறந்தார்.

"தம்பி, அப்பா லிப்டுக்குள்ள நிக்கிறாராம். வொய்ஸ் அனுப்பியிருக்கிறார். இருட்டாம், மூச்சு முட்டுதாம். ஆராவது போனவையோ?"

"ஓம் அக்கா, ஆக்கள் போயிட்டினம், திறக்கினம். அங்க ஸ்கிரீனைப் பாருங்கோ, முடிஞ்சுது."

அவர் திரையைப் பார்த்தார். பச்சை. அப்பாடா, தாங்ஸ் தம்பி என்றார். தகப்பனுக்கு உடனே எழுதினார். அந்த வரியை நீங்களே எனக்குக் காட்டினீர்கள்: ஆக்கள் வந்திட்டினமாம், பொறுங்கோ அப்பா. அவர் 'சரி பிள்ளை' என்று பதில் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு மகளுக்கு அவர் ஒன்றுமே அனுப்பவில்லை. தபாற் கந்தோரில் இருந்த மனிதர், வருகிறது என்று எழுத்தில் சொன்னால் வரும் என்று நம்புகிறவர். அக்கா ஆஸ்பத்திரியில் ஷிப்ட் தொடங்குகிறது என்று சொல்லிச் சூமை விட்டுப் போனார்.

இரண்டாவது தடங்கல் செக்கியூரிட்டி அஸாம். மண்டப வாசலில் நின்று எனக்குக் கை காட்டினார். போனேன்.

"சேர், லிப்டுக்குள்ள ஆரோ தட்டுறாங்க. தொறப்பு உங்களுக்கிட்டதானே?"

அது ஜெனரேற்றர் அதிர்வு என்றேன். அவர் நம்பாமல் நின்றார். திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். பத்து வருடமாகக் காதால் காவல் காத்தவர். அந்த இடத்தில் எனக்கு உண்மையில் பெருமையாக இருந்தது. மனிதன் தன் காதை விட நான் செய்த ஒன்றை நம்புகிறான் என்பது சின்ன விடயம் இல்லை.

அறிமுகம் ஐந்தே காலுக்கு முடிந்தது. கேள்விகள் ஐந்தே முக்கால் வரை. பிறகு ரோல்ஸும் நெஸ்கஃபேயும். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் அங்கேயே சம்மதித்தார்கள், குழுவாகப் படம் எடுத்தோம். இதில் எந்த இடத்திலும் பத்து நிமிடம் இருந்தது. நான் மறக்கவில்லை. நினைத்துக்கொண்டேதான் ரோல்ஸ் சாப்பிட்டேன். ஆனால் நடுவில் போய் ஒருவரைத் திறந்து கொண்டுவந்தால், வியர்த்து விறுவிறுத்து அவர் மண்டபத்துக்குள் வருவார், வந்து மணியைப் பற்றிக் கதைப்பார். ஒன்பது பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

எல்லோரும் போன பிறகு, ஏழு பத்துக்கு, நானே மேலே போய்ச் சுற்றி இறக்கினேன், அஸாம் வெளிச்சம் பிடித்தார். வரதராசா மூலையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்கென்று உடுத்திய வெள்ளைச் சேர்ட் நனைந்திருந்தது. ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் இதயம் நின்றிருக்கலாம் என்று டொக்டர் எழுதியிருக்கிறார். முதலில் எல்லோரும் வயது என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படியே சொன்னேன். ஒரு கிழமைக்குப் பிறகு அக்கா ரொறன்ரோவிலிருந்து வந்து, தகப்பனுடைய போனை உங்களிடம் தந்திருக்கிறார். அதில் என்னுடைய 'தீர்க்கப்பட்டது' நாற்பத்து மூன்று இருக்கிறது. நான் கையால் மூடியது பதினொன்று, மிச்சம் விதி மூடியது. அந்த முப்பத்திரண்டையும் என் கணக்கில் சேர்ப்பது நியாயமா என்று யோசியுங்கள்.

நான் அவரைக் கொன்றேன் என்று எழுதச் சொன்னீர்கள். சரி, எழுதுகிறேன்: தெரிந்துகொண்டே, திறப்பைப் பையில் வைத்துக்கொண்டே, வரதராசாவை லிப்டுக்குள் சாக விட்டேன். ஆனால் அறிக்கை முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒரு முறைப்பாட்டை மூடும்போதெல்லாம், சேவை எப்படி, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று செயலி கேட்கும். 7பி எப்போதும் ஒன்றுதான் தருவார். அன்று ஆறு ஐந்துக்கு, கடைசி முறைப்பாட்டுக்கு, அவருடைய போனிலிருந்து ஐந்து நட்சத்திரம் வந்திருக்கிறது. போன் கையிலிருந்து நழுவியபோது விரல் பட்டிருக்கும் என்கிறீர்கள். நான் அதை ஏற்கவில்லை, அவர் அப்படிக் கவனயீனமாக எதையும் அமத்துகிற ஆள் இல்லை. எங்கள் 'உடனடி' இணையத்தளத்தின் முதற் பக்கத்தில் அதைப் போட்டிருக்கிறேன். தனியுரிமை கருதிப் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.